நிதிநிலை அறிக்கை இலுப்பூர் வந்து சேரும் வழி

புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூரைச் சுற்றியுள்ள செம்மண் நிலங்களில் ஆடிப் பட்டத்தில் கடலை விதைக்கிறார்கள். மானாவாரிதான். மழை கைகொடுத்தால் விளைச்சல். இல்லையென்றால் விதைக்கு வாங்கிய கடன்தான் மிச்சம். செடியைப் பறித்துக் குவித்ததும் பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்வார்கள். எவ்வளவு ஆய்ந்தார்களோ அதற்கேற்ற கூலி. மூட்டை வியாபாரிக்குப் போகும். ஆனால் அன்று இரவு அந்தக் கடலையை விளைவித்த வீட்டில் தாளிக்கும் எண்ணெய் பெரும்பாலும் கடலை எண்ணெயாக இருக்காது. ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கிய பாமாயிலாக இருக்கும்.

அந்தப் பாமாயில் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கப்பலில் வருவது. 1994இல் அதைத் தனியாரும் தாராளமாக இறக்குமதி செய்யலாம் என்று மத்திய அரசு திறந்துவிட்டபோது வரி 65 சதவீதம். நான்கே ஆண்டுகளில், 1998இல், வரி 15 சதவீத அளவுக்கு இறங்கியது. இன்று நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் கடலை சாகுபடிப் பரப்போ 1990களின் தொடக்கத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டது. எல்லாப் பழியையும் இறக்குமதி மேல் போட முடியாது. மழையும் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துதான் கடலைக்காட்டைச் சுருக்கின. ஆனாலும் விற்பவராக இந்தக் குடும்பம் இழந்ததும், வாங்குபவராக இதே குடும்பம் பெற்றதும் ஒரே வரி மாற்றத்தில் நடந்தவை. இரண்டையும் கூட்டிக் கழித்தால்தான் அந்த வரிக் குறைப்பு ஏழைக்கு நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும். காடு இல்லாமல் காய் ஆயும் கூலிக்கு மட்டும் போகும் பக்கத்து வீட்டுக்கு விடை வேறாகவும் இருக்கலாம்.

வளரும் நாடுகளில் பேரியல் பொருளாதாரக் கொள்கைகள் வறுமையை என்ன செய்கின்றன என்ற கேள்வி அரை நூற்றாண்டாக விவாதத்தில் இருக்கிறது. வட்டி, வரி, நாணய மதிப்பு, அரசின் செலவு, பற்றாக்குறை ஆகியவற்றைத் தீர்மானிப்பவர்கள் டெல்லியிலும் மும்பையிலும், சில நேரம் வாஷிங்டனிலும் இருக்கிறார்கள். அவர்களின் முடிவு ஒரு ஏழை வீட்டுக்குள் விலையாகவோ, கூலியாகவோ, கடனாகவோ, அரசு தரும் பொருளாகவோதான் நுழைகிறது. எந்த வாசல் திறந்திருக்கிறது, எது சாத்தியிருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆய்வாளர்கள் இத்தனை காலம் முரண்பட்டதற்கு இது பெரிய காரணம்.

உலக வங்கியில் பணியாற்றிய டேவிட் டாலர், ஆர்ட் க்ராய் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் 92 நாடுகளின் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். சராசரி வருமானம் எந்த வேகத்தில் உயர்கிறதோ, அடித்தட்டில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினரின் வருமானமும் அதே வேகத்தில்தான் உயர்கிறது என்றார்கள். வளர்ச்சிக்கு வழிவிட்டால் போதும் என்று வாதிட்டவர்களுக்கு இது நல்ல ஆயுதமாயிற்று. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1987இல், யுனிசெஃப் இன்னொரு படத்தைக் காட்டியிருந்தது. ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் கடன் நெருக்கடிக்குப் பிறகு சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளோடு நடந்த சிக்கன நடவடிக்கைகள் குழந்தைகளின் சத்துணவையும் பள்ளியையும் மருத்துவத்தையும் எப்படிக் குறைத்தன என்று அந்த ஆய்வு தொகுத்தது. இரண்டும் பொய்யில்லை. முதலாவது நீண்ட காலச் சராசரியைச் சொல்கிறது. இரண்டாவது நெருக்கடி ஆண்டில் ஒரு குழந்தைக்கு நடந்ததைச் சொல்கிறது. பத்தாண்டு சராசரியில் சரியாகிவிடும் என்பதற்காக, இரண்டு வயதில் சத்தில்லாமல் போன குழந்தையை மறுபடி இரண்டு வயதுக்குக் கொண்டுவர முடியாது. இந்தக் கட்டுரை இரண்டாவது தரப்பின் பக்கம் சாய்வதற்கு அதுவே காரணம்.

இது ஏதோ 1991 சீர்திருத்தத்துக்குப் பிறகு முளைத்த பிரச்சினை என்று நினைப்பவர்கள் புதுக்கோட்டையின் பழைய கதையைப் பார்க்கலாம். சொந்தமாக அம்மன் காசு அடித்த சமஸ்தானம் அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில், விளைச்சலில் அரசு பங்கு எடுக்கும் அமானி முறை ஒழிந்து நிலவரி பணமானது. அதிகாரிகளின் சுரண்டலுக்கு முடிவு கட்டிய நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் அன்றிலிருந்து விவசாயியின் தலையெழுத்து நெல்லின் அளவோடும் நெல்லின் விலையோடும் கட்டப்பட்டது. 1930களின் பெருமந்தத்தில் அந்தக் கட்டு இறுகியது. சென்னை மாகாணம் முழுக்க நெல் விலை சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. பணமாகக் கட்ட வேண்டிய வரியும் கடனும் சரியவில்லை. ரூபாயின் மதிப்பை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று 1927இல் உயர்த்தி நிறுத்திய பிரிட்டிஷ் அரசு, விலைகள் பாதாளத்துக்குப் போனபோதும் அதை இறக்க மறுத்தது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க அளவைக் கைவிட்டதும் தங்கத்தின் விலை ஏறியது. கிராமத்து வீடுகளில் இருந்த தோடும் சங்கிலியும் விற்பனைக்கு வந்து, கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போயின.

அதே மந்தம் கடல் கடந்தும் தமிழர் கைகளில் வேலை செய்தது. இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்பகுதியையும் உள்ளடக்கிய செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்குப் போய்க் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். அங்கும் நெல் விலை விழ, பர்மிய விவசாயிகள் கடனைக் கட்ட முடியவில்லை. 1930இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீத நிலம் நகரத்தார் கையில் இருந்தது. 1937இல் அது 25 சதவீதம். நிலம் இழந்த பர்மியரும் பகைக்கு ஆளான தமிழரும் ஒரே விலைச் சரிவில் சிக்கியவர்கள். நாணய மதிப்பைக் கட்டிக் காக்க எடுத்த முடிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழர் வரலாற்றில் குறைவு.

அறுபது ஆண்டுகள் கழித்து நாடே நகையை அடகு வைத்தது. 1991 ஜூலையில் 47 டன் தங்கம் இங்கிலாந்து வங்கிக்கும் ஜப்பான் வங்கிக்கும் ஈடாகப் போனது. அந்த மாதம் 1ஆம் தேதியும் 3ஆம் தேதியும் ரூபாயின் மதிப்பு இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. 24ஆம் தேதி மன்மோகன் சிங் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கை உர விலையை 40 சதவீதம் ஏற்றியது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது 30 சதவீதமாயிற்று. மறு ஆண்டு ஆகஸ்டில் பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. யூரியாவுக்கு மட்டும் கட்டுப்பாடு தொடர்ந்தது. அந்த இரட்டை நிலை இன்றும் தொடர்கிறது: 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, 50 கிலோ டிஏபி மூட்டை 1,350 ரூபாய். மலிவானதை அள்ளிப் போட்டு மற்றதைக் குறைக்கும் பழக்கம் வயல்களில் வேரூன்றியதற்கு விவசாயியின் அறியாமையைக் காரணம் சொல்வது அநியாயம். விலையை அப்படி வைத்தது அரசு.

இறக்குமதி வரிகளைக் குறைத்ததால் இந்திய மாவட்டங்களில் வறுமை என்ன ஆயிற்று என்று பெட்யா டோபலோவா என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். நாடு முழுக்க வறுமை குறைந்தது. ஆனால் வெளிநாட்டுப் போட்டிக்கு அதிகம் ஆட்பட்ட கிராமப்புற மாவட்டங்களில் அது மெதுவாகவே குறைந்தது. காரணம், நசிந்த தொழிலை விட்டுவிட்டு வேறு தொழிலுக்கோ வேறு ஊருக்கோ ஏழைகளால் எளிதில் போக முடியவில்லை. பாடப் புத்தகத்தில் உழைப்பாளி சுலபமாக இடம் மாறுவார். நிஜத்தில் அவருக்கு வயதான தாய், பள்ளிக்குப் போகும் பிள்ளை, ஊரில் கட்ட வேண்டிய கடன் எல்லாம் உண்டு.

டெல்லியில் இந்தச் சீர்திருத்தம் நடந்த அதே ஆண்டில் புதுக்கோட்டையில் வேறொன்று நடந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பரவியது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். ஒப்பந்தக்காரர்களிடம் கூலிக்குக் கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே அரசு குவாரிகள் குத்தகைக்குக் கிடைத்தன. உடைக்கும் கல் அதே கல், கை அதே கை. இடைத்தரகர் போனதும் வருமானம் பல மடங்காயிற்று. பின்னாளில் அந்த ஏற்பாடு தளர்ந்துபோனது பெரும் இழப்பு. வளங்கள் யார் கையில் என்ற கேள்வியை விட்டுவிட்டு வளர்ச்சி விகிதத்தை மட்டும் பேசும் ஆய்வுகளுக்கு இந்த மாவட்டம் அன்றே பதில் சொல்லிவிட்டது.

விலைவாசிக்கு வருவோம். 38 நாடுகளில் சுமார் 32 ஆயிரம் வீடுகளில் எடுத்த கருத்துக் கணிப்பை வைத்து வில்லியம் ஈஸ்டர்லியும் ஸ்டான்லி ஃபிஷரும் 2001இல் எழுதினார்கள்: நாட்டின் முதல் கவலை விலையேற்றம் என்று சொல்பவர்களில் பணக்காரரைவிட ஏழையே அதிகம். இது யாரும் எதிர்பார்ப்பதுதான். விலையேற்றத்திலிருந்து தப்ப ஏழையிடம் நிலமோ பங்குப் பத்திரமோ கிடையாது. ஆகவே விலையை அடக்குவது ஏழைக்கு உதவி என்பதில் ஐயமில்லை. எதைக் கொண்டு அடக்குவது என்பதில்தான் சண்டை.

விலை ஏறும்போது ஏழையை எது காக்கிறது என்று அறிய இலங்கையையும் தமிழ்நாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1970கள் வரை இலங்கையில் எல்லாருக்கும் அரிசிப் பங்கீடு இருந்தது. ஏழை நாடாக இருந்தும் அதன் ஆயுள், எழுத்தறிவுக் கணக்குகள் உலகை வியக்க வைத்தன. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. பங்கீடு ஏழைப் பாதிக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டு, 1979 செப்டம்பரில் அதுவும் போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட ரூபாய் மாறவில்லை. கடை விலை மாறியது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அதன் வாங்கும் சக்தி ஏறத்தாழ பாதியாகி, அடித்தட்டு மக்கள் உண்ணும் அளவே குறைந்தது. யாரும் எந்தச் சட்டத்தையும் ரத்து செய்யவில்லை. விலையேற்றமே வெட்டும் வேலையைச் சத்தமில்லாமல் செய்தது.

தமிழ்நாடு எதிர்த் திசையில் நடந்தது. 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று அட்டைகளைப் பிரித்தபோது, இங்கே எல்லாருக்கும் அரிசி என்ற முறை தொடர்ந்தது. கூடுதல் செலவை மாநிலம் சுமந்தது. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி. 20 கிலோ அரிசி என்பது விலை ஏறினாலும் 20 கிலோ அரிசிதான். 2009-10ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து ஜான் டிரெஸும் ரீத்திகா கேராவும் செய்த ஆய்வில், பொது விநியோகம் நாடு முழுக்க கிராமப்புற வறுமை இடைவெளியை (ஏழைகள் வறுமைக் கோட்டுக்கு எவ்வளவு கீழே என்ற அளவை) 18 முதல் 22 சதவீதம் குறைத்தது. தமிழ்நாட்டில் அது 61 முதல் 83 சதவீதம். மானியத்தை ஏழைக்கு மட்டும் குறிபார்த்துக் கொடுத்தால் செலவு மிச்சம் என்று சொன்ன பொருளியல் அறிவுரைக்கு ரேஷன் கடை வரிசையே மறுப்பு எழுதியது. குறிபார்க்கும்போது தவறிப்போகிறவர்கள் எப்போதும் விதவை, நிலமில்லாதவர், மனு எழுதத் தெரியாதவர்.

இலங்கையின் பாடம் 2022இல் மீண்டும் நடந்தது, இன்னும் கொடூரமாக. 2019 இறுதியின் வரிக் குறைப்பு, 2021இன் இரசாயன உரத் தடை, கரைந்த அன்னியச் செலாவணி எல்லாம் சேர்ந்ததால் 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பின் விலையேற்றம் 70 சதவீதத்தைத் தொட்டது. உணவு விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. உலக வங்கியின் கணக்கில் 13 சதவீதமாக இருந்த வறுமை ஒரே ஆண்டில் 25 சதவீதமாயிற்று. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கமிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கு 2021 மார்ச்சில் போராடிப் பெற்ற நாள் கூலி 1,000 இலங்கை ரூபாய். விலை இரட்டிப்பான அந்தக் காலம் முழுக்க அதே 1,000 ரூபாய்தான். 2024 வரை அது நகரவில்லை. கடன் மறுசீரமைப்பில் பத்திரம் வைத்திருந்தவர்களோடு பல சுற்றுப் பேச்சு நடந்தது. கொழுந்து பறித்தவர்களோடு அப்படி யாரும் உட்கார்ந்து பேசவில்லை.

ரூபாய் விழுந்தால் எல்லா ஏழைக்கும் நட்டம் என்றும் சொல்லிவிட முடியாது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் கட்டட வேலை செய்யும் ஆட்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியபோது அந்த வீடுகளுக்கு வரும் பணம் கூடியது. பயணத்துக்கு ஏஜெண்டிடம் கட்டப் பணமில்லாததால் ஊரிலேயே தங்கிவிட்டவருக்கு அதில் எதுவும் கூடவில்லை.

மும்பையில் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ரெப்போ வட்டி 2020 மே மாதம் 4 சதவீதமாக இறங்கி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்கு ஏறியது. வீட்டுக் கடன் வாங்கிய நடுத்தர வர்க்கத்தின் தவணை அதோடு ஏறி இறங்கியது. கிராமத்து அஞ்சு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய், 2020இலும் அஞ்சுதான், 2023இலும் அஞ்சுதான். வட்டிக் கொள்கை ஏழையைத் தொட வேண்டுமானால் முதலில் வங்கி அவர் ஊரில் இருக்க வேண்டும். 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையானதும், 1977 முதல் 1990 வரை நகரத்தில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால் வங்கியில்லாத நான்கு ஊர்களில் திறக்க வேண்டும் என்று விதி இருந்ததும் இந்த வகையில் மிகப் பெரிய வறுமை ஒழிப்புத் திட்டங்கள். அந்தக் கிளைகள் வந்த பகுதிகளில் கிராமப்புற வறுமை குறைந்ததை ராபின் பர்ஜஸ், ரோகிணி பாண்டே இருவரும் 2005இல் எண்களோடு காட்டினார்கள். அந்த விதி கைவிடப்பட்ட பிறகு விட்ட இடத்தை நுண்கடன் நிறுவனங்கள் நிரப்பின. வாரத் தவணை கட்ட முடியாத பெண்களின் வீட்டு வாசலில் நடந்த அவமானங்கள் பெருகிப் பெருகித்தான், வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது.

பணமதிப்பு நீக்கத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். இந்தப் பகுதியில் அது வந்த நேரம் மட்டும் சொல்லப்பட வேண்டும். 2016 நவம்பர் 8 இரவு புழக்கத்திலிருந்த பணத்தில் மதிப்பளவில் 86 சதவீதம் செல்லாமல் போனது. ஒரு வாரத்துக்குள் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. விவசாயியின் பயிர்க்கடனும் நகைக்கடனும் இருப்பது அந்தக் கூட்டுறவில்தான். அதே பருவத்தில் வடகிழக்கு மழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களை நம்பிய மாவட்டத்தில் நீர் வரத்து இல்லை. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சிப் பகுதியாக அரசு அறிவித்தது. கீதா கோபிநாத் உள்ளிட்டோர் பிறகு செய்த ஆய்வு, பணத் தட்டுப்பாடு அதிகமாக இருந்த மாவட்டங்களில் வேலைவாய்ப்பும் உற்பத்தியும் கூடுதலாகச் சரிந்ததை உறுதிப்படுத்தியது. மழை பொய்த்த ஊரில் கூலி கொடுக்கப் பணமும் இல்லையென்றால் என்ன ஆகும் என்று தனியாக ஒரு ஆய்வு தேவையில்லை.

அரசின் முதலீடு ஒரு ஊரை எப்படி ஏற்றி இறக்கும் என்பதற்கு விராலிமலைச் சாலை சாட்சி. திருச்சியின் பொதுத்துறை பெல் ஆலையை நம்பி மாத்தூரிலும் விராலிமலைப் பக்கத்திலும் முளைத்த வெல்டிங், ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் அனல்மின் நிலைய ஆர்டர் இருந்தவரை இரவு பகலாக ஓடின. 2012க்குப் பிறகு ஆர்டர் வறண்டதும் பல பட்டறைகள் மூடின. வெல்டர்கள் வெளிநாட்டுக்குப் போனார்கள்.

இனி நூறு நாள் வேலை எனப்படும் ஊரக வேலை உறுதித் திட்டம். 2006இல் 200 மாவட்டங்களில் தொடங்கிய இத்திட்டம் 2008 ஏப்ரலில் புதுக்கோட்டைக்கு வந்தது. தமிழ்நாட்டில் வேலைக்கு வந்தோரில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். திட்டம் நடந்த மாவட்டங்களில் தனியார் கூலியும் உயர்ந்ததை கிளெமென்ட் இம்பெர்ட், ஜான் பாப் ஆய்வு காட்டியது. ஆள் கிடைக்கவில்லை என்று நிலக்காரர்கள் புலம்பியதன் மறுபக்கம் அது. இலுப்பூர் பேரூராட்சி என்பதால் ஊருக்குள் இருந்தவர்களுக்கு இந்த வேலை கிடைக்கவில்லை. பேரூராட்சி எல்லையைத் தாண்டிய சிற்றூர்களுக்குக் கிடைத்தது. 2025 தொடக்கத்தில் கிராம ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது தமிழ்நாட்டின் பல ஊர்களில் மக்கள் எதிர்த்து நின்றதற்கு இதுவே முக்கியக் காரணம்.

மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை இலக்கு ஒரு ஏழையின் கையில் தெரியும் இடமும் இதுதான். 2020-21இல் கொரோனாவின்போது திட்டத்துக்கு 1.11 லட்சம் கோடி ரூபாய் செலவானது. 2023-24 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கீடு 60 ஆயிரம் கோடியாக இறங்கியது. பணம் நிதியாண்டு முடியும் முன்பே தீர்ந்துவிட்டது. வேலை செய்தவர்களின் கூலி நிலுவையில் நின்றது. 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பாக்கி மட்டும் 4,034 கோடி ரூபாய் வரை சேர்ந்தது. கணக்கில் பற்றாக்குறை குறைந்தது. குறைந்த தொகையில் ஒரு பங்கைக் கடனாகக் கொடுத்தவர்கள் வரப்பு வெட்டிய பெண்கள்.

அந்தக் கடனுக்கு வட்டி எவ்வளவு? வேலை உறுதிச் சட்டப்படி, பதினாறாம் நாளுக்குப் பிறகு தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் கூலியில் 0.05 சதவீதம்தான் இழப்பீடு. 5,000 ரூபாய் கூலி 90ஆம் நாளில் கிடைத்திருந்தால், முழு இழப்பீடும் கைக்கு வந்தாலும் 185 ரூபாய். அந்த மூன்று மாதம் வீடு நடக்க அதே 5,000 ரூபாயை அஞ்சு வட்டிக்கு வாங்கியிருந்தால் கட்ட வேண்டிய வட்டி 750 ரூபாய். 2025-26இல் தமிழ்நாட்டின் ஒரு நாள் கூலி 336 ரூபாய். வித்தியாசம் ஒன்றரை நாள் உழைப்புக்கும் மேல்.

வறுமை குறைந்துவிட்டது என்று சொல்லும் கணக்குகளைப் பொய் என்று தள்ள முடியாது. உலக வங்கியின் புதிய நாளுக்கு 3 டாலர் கோட்டின்படி இந்தியாவின் கொடிய வறுமை 2011-12இல் 27.1 சதவீதம், 2022-23இல் 5.3. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் 2019-21இல் தமிழ்நாடு வெறும் 2.2 சதவீதம். ரேஷன் கடையும் சத்துணவும் அரசு ஆஸ்பத்திரியும் அதற்குப் பாடுபட்டிருக்கின்றன. ஆனால் உலக வங்கியின் கணக்கு வீட்டின் நுகர்வுச் செலவை வைத்து அளக்கிறது. நூறு நாள் கூலி வராமல் வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்ட மாதமும் அதில் சாப்பிட்ட மாதமாகவே பதிவாகும். கடன் எவ்வளவு என்று கேட்கும் தேசிய மாதிரி ஆய்வு வேறு. அது 2013இல் ஒரு முறை, 2019இல் ஒரு முறை என்று அத்தி பூத்தாற்போல நடக்கிறது. நுகர்வையும் கடனையும் ஒரே வீட்டில், ஒரே ஆண்டில், தாலுகா வாரியாகக் கேட்டு வெளியிட்டால், எந்த நிதிநிலை அறிக்கை இலுப்பூர்ப் பக்கத்தில் யார் தலையில் விடிந்தது என்பதை ஆய்வாளர்கள் அந்த ஆண்டிலேயே சொல்ல முடியும்.